தாடை அறுவையும் நாக்கிற்கான இடமும்

எனக்குக் கீழ்த்தாடை முன்னால் நீண்டிருந்தது. வாயை மூடினால் கீழ்ப்பற்கள் மேற்பற்களுக்கு வெளியே வந்து நிற்கும். கம்பி போட்டுப் பற்களை வரிசைப்படுத்தவே ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆயிற்று. அதன்பின் சென்னையில் முகத்தாடை அறுவை மருத்துவரைப் பார்த்தபோது, அவர் முதலில் நாக்கை நீட்டச் சொல்லி, அதன் ஓரங்களில் பதிந்திருந்த பல் தடங்களைக் காட்டினார். பிறகு குறட்டை, காலைத் தலைவலி, பகல் தூக்கம் ஆகியவை உண்டா என்று விசாரித்தார்.

நாக்கை முன்னோக்கி இழுக்கும் முக்கியத் தசை, முகவாய்க்கட்டைக்கு உட்புறம் கீழ்த்தாடை எலும்பில் பற்றியிருக்கிறது. நாவடி எலும்பும் தசைகளால் அதே தாடையோடு பிணைந்துள்ளது. ஆகவே கீழ்த்தாடையைப் பின்னுக்குத் தள்ளினால் நாக்கின் அடிப்பகுதியும் பின்னே போய், அதற்குப் பின்னுள்ள தொண்டை வழி குறுகக்கூடும். தாடை எலும்புகளுக்குள் இருக்கும் இடம் குறைந்தாலும் நாக்கு குறைவதில்லை என்பதுதான் சிக்கல். இதையே திருப்பிப் போட்டு, இரு தாடைகளையும் முன்னே கொண்டுவந்து மூச்சுப்பாதையை விரிப்பது, உறக்க மூச்சுத்தடை நோய்க்கான சிகிச்சைகளில் ஒன்றாகவே இருக்கிறது.

உடம்பெல்லாம் ஒயர்களோடு ஓரிரவு உறக்கப் பரிசோதனை செய்தார்கள். மணிக்கு எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்பதே அதில் கணக்கு: பெரியவர்களுக்கு 5க்குள் இயல்பு, 15க்குள் லேசானது, 30ஐத் தாண்டினால் கடுமையானது. எனக்கு லேசான அளவில் இருந்தது. அதனால் கீழ்த்தாடையை மட்டும் பின்தள்ளும் எண்ணம் கைவிடப்பட்டு, மேல்தாடையைக் கூடுதலாக முன்னே நகர்த்தி, கீழ்த்தாடையை முடிந்தவரை குறைவாகப் பின்னே கொண்டுபோவது என்று முடிவாயிற்று. மேல்தாடை முன்னே வரும்போது, மேலண்ணத்தின் பின்கோடியில் உள்ள மென்மையான பகுதியான மெல்லண்ணமும் கூடவே வருவதால் அதற்குப் பின்னால் சற்று இடம் கிடைக்கும். முகத்தோற்றத்தைப் பற்றி மட்டும் பேசியிருந்தால் இந்தத் திட்டத்திற்கு வந்திருக்கவே மாட்டோம்.

அறுவையின்போது பற்களைக் கடிக்கவைத்துப் பார்க்க வேண்டியிருப்பதால் மயக்கக் குழாயை மூக்கு வழியாகவே செலுத்துகிறார்கள். எலும்புகளை டைட்டேனியம் தகடுகளால் பிணைத்தார்கள். விழித்தபோது வலியைவிட மூச்சுதான் என்னை மிரட்டியது: மூக்கு வீங்கி அடைத்திருந்தது, பற்களை ரப்பர் வளையங்கள் இறுக்கியிருந்தன, நாக்கு வாய் முழுவதையும் அடைத்துக்கொண்டதைப் போலிருந்தது. வாந்தி வந்தாலோ மூச்சு முட்டினாலோ உடனே ரப்பரை வெட்டிவிடுவதற்காகக் கட்டிலின் தலைமாட்டில் ஒரு சிறு கத்தரிக்கோலைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். முதுகை உயர்த்திச் சாய்ந்தே உறங்கினேன். செவிலியர் உறிஞ்சுகுழாயால் எச்சிலை எடுத்தபோதெல்லாம் உயிர் வந்தது. கஞ்சியும் பருப்புத் தண்ணீரும் சிரிஞ்சில்தான்.

வீக்கம் வடிந்தபின் நாக்கு புதிய இடத்தைப் பழக வேண்டியிருந்தது. ‘த’ சொல்லும்போது நாக்கு நுனி பழைய இடத்தில் பல்லைத் தேடும். பல்லோ சற்று முன்னே போயிருக்கும். சகரம் சில வாரங்கள் காற்றோடு சிதறியது. வாயை மூடி, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிவைத்து மூக்கால் மூச்சுவிடும் பயிற்சியைப் பேச்சுப் பயிற்சியாளர் கொடுத்தார். நாக்கு ஓயாமல் பற்களைத் தள்ளினால் அவை மறுபடி நகரக்கூடும் என்பதால் அதை நான் விடவில்லை.

மறு உறக்கப் பரிசோதனையில் எண்ணிக்கை 5க்குக் கீழே இறங்கியிருந்தது. மல்லாந்து படுத்தால் மட்டும் இன்னும் லேசான குறட்டை வருவதாக வீட்டில் சொல்கிறார்கள். கீழுதட்டின் ஒரு பக்கம் மரத்தே இருக்கிறது. தாடைக்குள் ஓடும் நரம்பு சீண்டப்படுவதால் இப்படி நேரலாம் என்றும், சிலருக்கு அது முழுமையாகத் திரும்பாது என்றும் முன்பே சொல்லியிருந்தார்கள்.