அந்திமந்தாரையில் கொரென்ஸின் கலப்பு: தொட்டியில் செய்து பார்த்தது

பெற்றோரின் பண்புகள் வாரிசுகளுக்கு எப்படி இறங்குகின்றன என்று சொல்லும் மெண்டலின் விதிகளை 1900-ல் மறுபடி வெளிக்கொண்டு வந்த மூவரில் ஒருவர் கார்ல் கொரென்ஸ். அப்போது அவர் ஜெர்மனியின் டூபிங்கனில் இருந்தார். பட்டாணி, மக்காச்சோளம் என்று பல செடிகளில் அவர் வேலை செய்திருக்கிறார் என்றாலும், வீட்டுத் தொட்டியில் திரும்பச் செய்து பார்க்க ஏற்றது அவருடைய அந்திமந்தாரைதான். சிவப்பையும் வெள்ளையையும் கலந்தால் முதல் தலைமுறை இளஞ்சிவப்பு. அதைத் தன் மகரந்தத்திலேயே காய்க்க விட்டால் அடுத்த தலைமுறையில் சிவப்பு, இளஞ்சிவப்பு, வெள்ளை 1:2:1. பட்டாணியில் ஓங்கு பண்பு மற்றதை மறைத்துவிடும். இங்கே கலப்புச் செடி எது என்பதைப் பூவின் நிறமே சொல்லிவிடுகிறது.

இந்தச் சோதனையில் பெரும்பாடு கலப்பில் இல்லை, தாய் தந்தைச் செடிகளைத் தேர்வதில்தான். நம் வீடுகளில் அதிகம் காண்பது ராணி கலர். அதை அப்படியே 'சிவப்பு' என்று எடுத்துக்கொண்டால் கணக்கு கெட்டுவிடும், அதுவே கலப்புச் செடியாக இருக்கக்கூடும். மஞ்சள் எங்காவது கலந்திருந்தால் நிறத்தில் இன்னொரு மரபணுவும் புகுந்துவிடும், 1:2:1 வராது. ஒரே பூவில் இரு நிறக் கோடும் புள்ளியும் உள்ள செடிகளையும் தள்ளிவிட வேண்டும்; அவற்றின் நிறம் நிலையில்லாதது. ஆகவே முதலில் ஒவ்வொரு செடியையும் வலைப்பையால் மூடி, தானே காய்க்க விட்டு, அந்த விதைகளை வளர்த்துப் பார்க்க வேண்டும். வாரிசுகள் எல்லாம் தாயின் நிறமாகவே இருந்தால்தான் அந்தச் செடியின் வழி தூயது. இரண்டு தலைமுறை பார்த்தால் நல்லது. இதற்குப் பொறுமை இல்லாதவர்கள் மேலே போக வேண்டாம்.

விதையை ஓர் இரவு ஊறவைத்து ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றினால் ஒரு வாரம், பத்து நாளில் முளைக்கும். 12 அங்குலத் தொட்டிக்கு ஒரு செடி. செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் சம அளவு. மண் புதிதாக இருக்கட்டும்: பழைய தொட்டி மண்ணில் உதிர்ந்து கிடந்த விதை முளைத்து நம் செடிகளோடு கலந்துவிட்டால் கண்டுபிடிக்கவே முடியாது. விதை பார்க்க மிளகு போலவே இருக்கும், ஆனால் நச்சு. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

பூ மாலையில் விரியும். விரியும்போது சூலகத் தண்டு நீண்டு வெளியே நிற்கும். வாடும்போது தண்டும் ஐந்து மகரந்தத் தாள்களும் சுருண்டு ஒன்றோடொன்று உரசி, தானே மகரந்தச் சேர்க்கை நடந்துவிடும். அதனால் அன்று விரியப்போகும், நிறமேறி நீண்ட மொட்டைப் பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கே பிடிக்க வேண்டும். குழலை ஊசியால் நீளவாக்கில் கீறி, மகரந்தப் பைகள் ஐந்தையும் கூர் இடுக்கியால் எடுத்து, 10 மடங்கு லென்ஸில் சூலக முடியைப் பார்க்க வேண்டும். மகரந்த மணி ஒன்றுகூட ஒட்டியிருக்கக் கூடாது. பிறகு பட்டர் பேப்பர் பை. அந்துப்பூச்சிகள் இருட்டும்போதே வந்துவிடும், பை போடாமல் விட்ட பூவைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்தி சாய்ந்ததும், பையிட்டு வைத்திருந்த தந்தைச் செடியில் அப்போது விரிந்த பூவிலிருந்து மகரந்தம் தடவி, நிற நூல் கட்டி, மறுபடி பை.

இந்தச் செடியின் மகரந்த மணி மிகப் பெரிது, கண்ணுக்கே தனித்தனியாகத் தெரியும். கருவுற ஒரு மணி போதாது என்று பிரெஞ்சுத் தாவரவியலாளர் நோடேனும் டார்வினும் கருதியிருந்தார்கள். மெண்டல் இதே செடியில் ஒவ்வொரு மணியாக வைத்துப் பார்த்து 18 நல்ல விதைகள் பெற்றார். 1870-ல் தாவரவியலாளர் நேகெலிக்கு எழுதிய கடிதத்தில் இது இருக்கிறது. அந்தக் கடிதங்களை 1905-ல் வெளியிட்டவரும் கொரென்ஸ்தான். ஊசிமுனையில் ஒரு மணியை ஏந்திச் சூலக முடியில் வைப்பது நிதானமான கைக்கு முடிகிற வேலை, செய்து பாருங்கள்.

மறுநாள் குழல் மட்டும் உதிர்ந்து அடிப்பகுதி பச்சையாக நின்றால் சேர்க்கை பிடித்தது. அடியோடு உதிர்ந்தால் இல்லை. விதை கறுத்ததும் தானே விழுந்துவிடும் என்பதால் வலைப்பையைக் கழற்றக் கூடாது. சில பூக்களில் மகரந்தப் பையை எடுத்துவிட்டு எதையும் தடவாமல் பையிட்டு விடுங்கள். அவை காய்த்தால் மொட்டைத் தாமதமாகத் திறந்திருக்கிறோம் என்று பொருள், அன்றைய தொகுதி முழுவதும் வீண்.

ஒரு பூவுக்கு ஒரே விதை. பட்டாணியில் ஒரு காயிலேயே பல விதை கிடைக்கும். இங்கே 40 செடி வேண்டுமென்றால் 40 பூ காய்க்க வேண்டும். நல்லவேளையாக இரண்டாம் தலைமுறைக்குக் கைவேலை இல்லை, இளஞ்சிவப்புச் செடிகளை மூடி வைத்தால் போதும். எண்ணிக்கையைச் சரிபார்க்க, மெண்டல் மறுபடி வெளிவந்த அதே 1900-ல் புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் தந்த கை-வர்க்கச் சோதனை இருக்கிறது; கிடைத்த எண்ணிக்கை எதிர்பார்த்ததிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று அது அளக்கும். 40 செடியில் எதிர்பார்ப்பு 10, 20, 10. உதாரணமாக 7, 24, 9 வந்தால் வித்தியாசங்களை வர்க்கப்படுத்தி, எதிர்பார்த்த எண்ணால் வகுத்துக் கூட்ட 0.9 + 0.8 + 0.1 = 1.8. மூன்று வகை உள்ள கணக்குக்கு வழக்கமான (5 சதவீத) வரம்பு 5.99; அதைத் தாண்டாதவரை 1:2:1-ஐ மறுக்க இடமில்லை.

இப்போதைய நிலை: முதல் தலைமுறை பூத்துவிட்டது, எல்லாம் இளஞ்சிவப்பு. சிவப்பு தாயானாலும் வெள்ளை தாயானாலும் அதே நிறம். இரண்டாம் தலைமுறை நாற்றாக இருக்கிறது. தாய் தந்தைச் செடிகளை வெட்டிவிட்டாலும் கிழங்கிலிருந்து துளிர்க்கின்றன, பின்கலப்பு செய்ய, அதாவது முதல் தலைமுறை இளஞ்சிவப்பை வெள்ளைப் பெற்றோரோடு மறுபடி கலக்க, அவை வேண்டும். அதில் இளஞ்சிவப்பும் வெள்ளையும் பாதிக்குப் பாதி வர வேண்டும்.

அடுத்தது, இலையில் வெள்ளைத் திட்டுள்ள அந்திமந்தாரை. 1909-ல் கொரென்ஸ் வெளியிட்டது: பச்சைக் கிளையின் பூவில் எந்த மகரந்தம் தடவினாலும் பச்சை நாற்று, வெள்ளைக் கிளையில் வெள்ளை, திட்டுக் கிளையில் பச்சை, வெள்ளை, திட்டு மூன்றும் கலந்து. தந்தைக்கு இதில் பங்கே இல்லை. நிறத்துக்கு விகிதம் கொடுத்த அதே செடி இங்கே எந்த விகிதத்துக்கும் அடங்கவில்லை. அவர் காரணத்தைச் சைட்டோபிளாசத்தில், அதாவது செல்லில் உட்கருவைச் சுற்றியுள்ள பொருளில் தேடினார். அதே ஆண்டில் ஜெரேனியத்தில் வேலை செய்த எர்வின் பவுர், செல்லுக்குள் பச்சை நிறத்தைத் தாங்கும் பசுங்கணிகங்களைச் சொன்னார், இன்று நிற்பது அதுதான். வெள்ளை நாற்றுகள் விதையிலுள்ள உணவு தீர்ந்ததும் செத்துவிடும். எனவே முளைத்த சில நாட்களுக்குள் எண்ணிக் குறித்துவிட வேண்டும். நூலைச் செடிக்குக் கட்டாமல் கிளைக்குக் கட்ட வேண்டும், எந்தக் கிளையின் பூ என்பதுதான் இங்கே எல்லாம்.