ரத்தம் கிடைத்துவிட்டது, செய்தி மட்டும் சுற்றுகிறது

"அவசரம்! ஓ நெகட்டிவ் 2 யூனிட் தேவை, உடனே பகிரவும்." இப்படி ஒரு செய்தி உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். தேதி இருக்காது. சில சமயம் ஊர்கூட இருக்காது. அதிலுள்ள எண்ணைக் கூப்பிட்டால், "அது போன தீபாவளிக்குங்க, பாட்டி டிஸ்சார்ஜ் ஆகி ஊருக்கே போயாச்சு" என்பார்கள். பாவம், அவர்களுக்கு இன்னும் தினமும் போன் வந்துகொண்டிருக்கும்.

ஒரு ரத்தக் கொடையாளர் குழுவின் பட்டியலைப் பார்த்துக்கொள்வது என் மாலை நேர வேலை. பகலில் திருப்பூரில் பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசர். சைஸ், கலர், ஷிப்மென்ட் தேதி என்று எக்ஸெலோடுதான் குடித்தனம் என்பதால், பட்டியல் என்றதும் எல்லாரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். இப்போது ஒரு கூகுள் ஃபார்ம், ஒரு கூகுள் ஷீட், ஒரு டெலிகிராம் குழு, இந்த மூன்றையும் கூகுளின் ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டில் (ஷீட்டோடு சேர்ந்து ஓடும் நிரல் எழுதும் வசதி) கோத்து வைத்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் சாதாரணக் குழுவுக்கு இப்படிப் போட் (bot, தானாகச் செய்தி போடும் நிரல்) வைக்க நேர்வழி இல்லை. குறுக்குவழியில் போனால் எண்ணையே முடக்கிவிடுவார்கள். டெலிகிராமில், போட்களை உருவாக்கித் தரும் பாட்ஃபாதர் என்ற கணக்கிடம் கேட்டால் உடனே ஒரு டோக்கன் (நம் போட்டை இயக்கும் ரகசியச் சாவி) தருகிறது, காசும் இல்லை.

முதலில் ஷீட். ஸ்கிரிப்ட் எழுதுவதைவிட இதைச் சுத்தம் செய்வதுதான் பெரும்பாடு. ரத்தப் பிரிவு என்ற கட்டத்தில் ஆளாளுக்கு ஒன்று எழுதியிருந்தார்கள். ஓ பாசிடிவ், ஓ+, ஓ பிளஸ். ஆங்கில எழுத்து ஓவுக்குப் பதிலாகப் பூஜ்யம் போட்டவர்களும் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், ஃபில்டருக்கு அப்படி இல்லை. எல்லாவற்றையும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் டிராப்டவுன் ஆக்கினேன். எட்டுப் பிரிவுகளோடு ஒன்பதாவதாகப் பாம்பே பிரிவையும் சேர்த்தேன். 1952-இல் பம்பாயில் கண்டறியப்பட்ட அந்த அரிய பிரிவுக்காரர்கள் வழக்கமான பரிசோதனையில் ஓ என்றே தெரிவார்கள். ஆனால் சாதாரண ஓ ரத்தம் அவர்களுக்குச் சேராது.

போன் எண்ணுக்கு முன்னால் கூட்டல் குறி போட்டால் ஷீட் அதைக் கணக்கு என்று நினைத்துக்கொள்ளும். 0421 என்று தொடங்கும் லேண்ட்லைன் எண்ணில் முன் பூஜ்யத்தை விழுங்கிவிடும். அந்த நெடுவரிசை முழுவதையும் பிளெயின் டெக்ஸ்ட் ஆக்கிவிட்டால் தீர்ந்தது.

தேதியில்தான் ஆபத்து. ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கலாம் என்பது நம் நாட்டு விதி. கடைசியாகக் கொடுத்த தேதியோடு மாதத்தைக் கூட்ட ஈடேட் ஃபார்முலா போதும். ஆனால் ஷீட்டின் லொகேல் (எந்த நாட்டு வழக்கப்படி தேதியைப் படிப்பது என்ற அமைப்பு) அமெரிக்காவாக இருந்தால் 3/7 என்பது ஜூலை 3 அல்ல, மார்ச் 7. போன மாதம் கொடுத்தவர் இன்றைக்கே கொடுக்கலாம் என்று பட்டியலில் வந்து நிற்பார். 25/7 போன்ற தேதி தப்பிவிடும். இருபத்தைந்தாவது மாதம் கிடையாது என்பதால் அது வெறும் எழுத்தாக இடது ஓரம் ஒட்டிக்கொள்ளும், பார்த்ததும் சந்தேகம் வரும். 12-க்குள் இருக்கும் நாள்கள்தான் சத்தமில்லாமல் ஏமாற்றும். ஃபைல் மெனுவில் செட்டிங்ஸுக்குப் போய் லொகேலை இந்தியாவாக மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை. எக்ஸெல் சில மரபணுப் பெயர்களைத் தேதியாக மாற்றித் தொலைத்ததில், 2020-இல் பெயர் சூட்டும் குழுவே மார்ச்1, செப்ட்1 போன்றவற்றுக்கு வேறு பெயர் வைத்துவிட்டது. விஞ்ஞானிகளுக்கே அந்த நிலைமை.

சரி, இணைப்புக்கு வருவோம். நோயாளியின் ஆட்கள் ஃபார்மை நிரப்பியதும் ஷீட்டில் ஒரு வரிசை விழும். எங்கள் ஒருங்கிணைப்பாளர் அக்கா மருத்துவமனையைக் கூப்பிட்டு விசாரிப்பார். அரசின் இ-ரக்த்கோஷ் தளத்தில் பக்கத்து ரத்த வங்கிகளில் இருப்பு காட்டுகிறதா என்றும் பார்ப்பார். அதன் பிறகு நிலை என்ற கட்டத்தில் "தேவை" என்று தேர்ந்தெடுத்தால், போட் குழுவில் செய்தி போடும். இந்த இடத்தில் பலர் முட்டிக்கொள்வது ஆன்எடிட் என்ற டிரிகரில், அதாவது ஷீட்டில் எதையாவது மாற்றியதும் நிரலை ஓடவைக்கும் விசையில். அந்தப் பெயரில் ஒரு ஃபங்ஷன் எழுதிவிட்டால் தானாக ஓடும்தான், ஆனால் வெளி இணையத்தைத் தொட அதற்கு அனுமதி கிடையாது. கடிகாரப் படம் இருக்கும் டிரிகர்ஸ் பக்கத்துக்குப் போய் வேறு பெயரில் ஒரு ஃபங்ஷனை நாமே மாட்டிவிட வேண்டும்.

இதுவரைக்கும் எந்த யூடியூப் வீடியோவைப் பார்த்தும் செய்துவிடலாம். ஆட்டோமேஷன் என்றாலே அனுப்புவது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். எனக்கு வேண்டியிருந்தது அனுப்பியதை அடக்குவது. போட் செய்தி போட்டதும் டெலிகிராம் ஒரு மெசேஜ் ஐடியைத் திருப்பித் தரும். பெரும்பாலான உதாரண நிரல்களில் அதைக் கண்டுகொள்வதே இல்லை. நான் அதை அதே வரிசையின் கடைசிக் கட்டத்தில் எழுதி வைக்கிறேன். அக்கா நிலையை "கிடைத்துவிட்டது" என்று மாற்றிய கணம், ஸ்கிரிப்ட் அந்த ஐடியை எடுத்து, குழுவில் இருக்கும் பழைய செய்தியையே திருத்திவிடும். மொத்தச் செய்திக்கும் குறுக்கே கோடு, மேலே "முடிந்தது". திருத்தத்துக்கு யாருடைய போனும் மணி அடிக்காது. ராத்திரி ஷிப்ட் முடித்துக் குழுவைத் திறப்பவர், கோடு போடாத செய்திகளை மட்டும் பார்த்தால் போதும்.

ஆனால் ஒருவர் அதைத் தன் உறவினர் குழுவுக்கு ஃபார்வேர்ட் செய்திருந்தால், அங்கே போன நகல் திருந்தாது. அதனால் ஃபார்வேர்ட் செய்ய முடியாதபடி பூட்டித்தான் போட் செய்தி போடுகிறது. இதற்குக் குழுவில் பெரிய சண்டை. "பரவினால்தானே தம்பி ரத்தம் கிடைக்கும்?" என்று ஒரு அண்ணன் இன்னமும் கோபமாக இருக்கிறார். அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நூறு குழுவுக்குப் போய்ச் சாகாமல் சுற்றும் செய்தியைவிட, தகுதியுள்ள பத்துப் பேர் கண்ணில் பட்டு அன்றைக்கே முடியும் செய்தி மேல் என்றுதான் நான் நினைக்கிறேன். அரிய பிரிவு என்றால் மட்டும் பூட்டைத் திறந்துவிடுவோம்.

செய்திக்கு அடியில் "நான் வருகிறேன்" என்று ஒரு பொத்தான். அமுக்கினால் தகவல் டெலிகிராமிலிருந்து ஷீட்டுக்குத் திரும்பி வரும். இந்தப் பொத்தானுக்குள் நாம் ஒளித்து அனுப்பக்கூடிய தரவு 64 பைட்தான். ஆங்கிலத்துக்கு அது தாராளம். தமிழில் ஓர் எழுத்துக்குறிக்கு மூன்று பைட், "ரு" போல உகரம் ஏறினால் ஆறு. திருப்பூர் அரசு மருத்துவமனை என்று எழுதினாலே 64-ஐத் தாண்டிவிடும். கோரிக்கை எண்ணை மட்டும் அனுப்புங்கள். வரிசை எண்ணை அனுப்பாதீர்கள், யாராவது ஷீட்டை சார்ட் செய்தால் ஆள் மாறிவிடும்.

இன்னொரு தொல்லை: ஆப்ஸ் ஸ்கிரிப்ட் தரும் பதில் சில சமயம் 302 என்று வேறு முகவரிக்குத் திருப்பிவிடும். டெலிகிராம் அதைத் தோல்வியாக எடுத்துக்கொண்டு அதே தகவலைத் திரும்பத் திரும்ப அனுப்பும். ஒரே கொடையாளர் ஷீட்டில் வரிசையாக வந்துகொண்டே இருப்பார். ஒவ்வொரு தகவலோடும் வரும் அப்டேட் ஐடியைக் குறித்து வைத்து, ஏற்கெனவே பார்த்ததைத் தள்ளிவிட்டால் சரியாகிவிடும்.

அமுக்கியவருக்கு இன்னும் நாள் ஆகவில்லை என்றால், அவர் திரையில் மட்டும் ஒரு சின்னப் பெட்டி வரும்: "நன்றிங்க, ஆகஸ்ட் 12-க்கு அப்புறம் கொடுக்கலாம்." குழுவில் யாருக்கும் தெரியாது. நாள் ஆகியிருந்தால் அவர் பெயர் அக்காவின் ஷீட்டுக்குப் போகும், மீதியை அக்கா போனில் பேசிக்கொள்வார். எடை 45 கிலோவுக்கு மேலா, போன வாரம் காய்ச்சல் வந்ததா, ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதையெல்லாம் போட்டை விட்டுக் கேட்கச் சொல்லி யோசனை வந்தது. வேண்டாம் என்றேன். பொத்தானிடம் எல்லாரும் "ஆமாம்" என்றுதான் சொல்வார்கள்.

இப்போது மிச்சமிருக்கும் குழப்பம், ரத்தம் கிடைத்தவர்கள் எங்களுக்குச் சொல்ல மறந்துவிடுவது. அந்த அவசரத்தில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. மணிக்கொருமுறை ஓடும் ஒரு டிரிகர், 24 மணிநேரம் கடந்த கோரிக்கைகளை மஞ்சளாக்கி அக்காவுக்கு ஞாபகப்படுத்துகிறது. தானாகவே "முடிந்தது" போட்டுவிடலாமே என்கிறார் நண்பர். டெங்கு நேரத்தில் தட்டணுக்கள் மறுநாளும் தேவைப்படும், தானாகக் கோடு விழுந்தால் அந்த வீட்டுக்கு யாரும் போக மாட்டார்கள். ஆகவே மஞ்சள் வரைக்கும் ஸ்கிரிப்ட், கோடு போடுவது அக்கா.