பட்ஜெட் கேமிங் பிசி: போர்டுக்குப் பணம் கொடுக்கும் முன் பயாஸ் எந்த வருடத்தது என்று கேளுங்கள்

தம்பி காலேஜ் சேர்ந்ததற்கு ஒரு கேமிங் பிசி வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தேன். மானிட்டர், கீபோர்டு எல்லாம் வீட்டில் இருந்ததால் 50,000 ரூபாய்க்குள் சிபியு பெட்டி மட்டும் கட்டுவது என்று முடிவு. இப்போது பிசி நன்றாக ஓடுகிறது. ஆனால் 8,300 ரூபாய் கொடுத்து வாங்கிய பிராசசர் பின் வளைந்து போய் என் கண் முன்னால் கிடந்ததே, அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. இதே பட்ஜெட்டில் வாங்கப் போகிறவர்களுக்கு அது நடக்கக் கூடாது, அதற்காகத்தான் எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் ஆரம்பம் பயாஸ், அதாவது ஆன் செய்ததும் மதர்போர்டில் முதலில் ஓடி, மாட்டியிருக்கும் பிராசசரை அடையாளம் காணும் மென்பொருள்.

பார்ட்ஸ் தேர்வு பெரிய விஷயமாக இல்லை. ரைசன் 5 5500, பி450 போர்டு, 8 ஜிபி ரேம் குச்சி இரண்டு, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. கிராபிக்ஸ் கார்டில்தான் கொஞ்சம் இழுபறி. செங்கல்பட்டிலிருந்து காலை ரயிலில் கிளம்பி, சென்னை பார்க் ஸ்டேஷனில் இறங்கி, பத்தரைக்கெல்லாம் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் போய்விட்டேன். கடைக்காரர் எடுத்த எடுப்பில் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி எடுத்து வைத்தார், "சார் இதுவே போதும், ஆறாயிரம் மிச்சம்" என்றார். மிச்சம் இல்லை. அந்தக் கார்டுக்கு பிசிஐஇ லேன், அதாவது போர்டோடு டேட்டா போய்வரும் பாதை, நான்குதான். வேகமான 4.0 ஸ்லாட்டில் சமாளிக்கும், ஆனால் 5500 பிராசசரும் பி450 போர்டும் பழைய, மெதுவான 3.0 மட்டுமே கொடுக்கும். 4 ஜிபி மெமரி நிரம்பியதும் கேம் விட்டு விட்டு ஓட ஆரம்பித்துவிடும். அதைவிட முக்கியம், வீடியோ ரெக்கார்டிங்குக்கான ஹார்ட்வேர் என்கோடர் அதில் கிடையாது, தம்பிக்கோ விளையாடுவதை ரெக்கார்ட் செய்து போட வேண்டும். கடைசிவரை பிடிவாதமாக நின்று 8 ஜிபி ஆர்எக்ஸ் 6600 வாங்கினேன், 20,500.

இரண்டாவது சண்டை எஸ்எம்பிஎஸ்ஸுக்கு, அதாவது பிசிக்குக் கரன்ட் கொடுக்கும் பவர் சப்ளைக்கு. கேபினெட்டோடு 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய ஒன்றைச் சும்மாவே தருகிறேன் என்றார்கள். கையில் வாங்கிப் பார்த்தால் வெறும் டப்பா மாதிரி எடையே இல்லை, கார்டுக்குப் போகும் 8 பின் கேபிளும் இல்லை. "கன்வர்ட்டர் போட்டுக்கலாம் சார்" என்கிறார். 132 வாட் இழுக்கும் கார்டு அது. எங்கே வேண்டுமானாலும் காசை மிச்சம் பிடியுங்கள், இதில் மட்டும் வேண்டாம். 3,900 கொடுத்து 'ப்ரான்ஸ்' (Bronze) தரச் சான்று உள்ள 550 வாட் ஒன்றை வேறு கடையில் வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து இரவே நானும் தம்பியும் உட்கார்ந்து அசெம்பிள் செய்தோம். ஸ்விட்ச் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே மட்டும் இல்லை. 5500-இல் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது என்பதால் கேபிள் கார்டில்தான் போட்டிருந்தோம், அதில் தவறு இல்லை. ஒரே ஒரு ரேம் வைத்துப் பார்த்தோம், போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரியைக் கழற்றி மாட்டினோம், கீபோர்டில் லைட்கூட எரியவில்லை. இரவு ஒரு மணிக்குத்தான் எனக்கு பயாஸ் நினைப்பு வந்தது. போர்டு டப்பாவில் "ரைசன் 5000 ரெடி" என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது உண்மைதான். ஆனால் 5000 வரிசையின் முதல் பிராசசர்கள் வந்தது 2020 கடைசியில், 5500 வந்தது 2022 ஏப்ரலில். நடுவில் தயாரான போர்டு என்றால் ஸ்டிக்கர் இருக்கும், 5500-ஐ அதற்கு அடையாளம் தெரியாமலும் போகலாம். பிராசசர் இல்லாமலே பென்டிரைவிலிருந்து பயாஸ் ஏற்றும் வசதியும் அந்தப் போர்டில் இல்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு மொத்தத்தையும் தூக்கிக்கொண்டு போர்டு வாங்கிய கடைக்கே போனேன். பயாஸ் அப்டேட் செய்து கொடுங்கள், அவ்வளவுதான் என்றேன். கவுன்டரில் இருந்தவர் "அதெல்லாம் இருக்காது சார், பிராசசர் போயிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே கூலரின் நான்கு ஸ்க்ரூவையும் கழற்றினார். "நேரா இழுக்காதீங்க, திருகி எடுங்க" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஒரே இழுப்பு. கூலருக்கும் பிராசசருக்கும் நடுவில் சூடு கடத்தத் தடவும் பேஸ்ட் ஒட்டிக்கொண்டு, சாக்கெட் லாக் பூட்டியபடியே இருக்க, பிராசசர் கூலரோடு பிய்த்துக்கொண்டு வந்தது. இந்தப் போர்டில் இருக்கும் ஏஎம்4 வகை சாக்கெட்டில் பின் எல்லாம் பிராசசரில்தான் இருக்கும். திருப்பிப் பார்த்தால் ஓரத்தில் இரண்டு பின் படுத்திருந்தன. அடுத்து அவர் சொன்னதுதான் தாங்க முடியாதது: "பார்த்தீங்களா, மாட்டும்போது நீங்க பின்னை வளைச்சிருக்கீங்க. ஃபிசிக்கல் டேமேஜ், வாரன்டி வராது."

அரை மணி நேரம் வாதாடினேன். முதலாளி வந்து, பையன் சொல்வதுதான் சரி என்று முடித்துவிட்டார். பில்லில் சீரியல் நம்பர் எல்லாம் எழுதி வாங்கி வைத்திருந்தும் வளைந்த பின்னுக்கு அது உதவவில்லை. உங்கள் பொருளை அடுத்தவர் கையில் கொடுக்கும் முன் நான்கு பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்கவில்லை, அதனால் என்னிடம் ஆதாரம் இல்லை.

அப்புறம் வெளியே டீக்கடையில் நின்றவர்களிடம் விசாரித்து, நரசிங்கபுரம் தெருவில் ஒரு மாடியில் போர்டு சர்வீஸ் செய்யும் அண்ணன் ஒருவரிடம் போனேன். ஐம்பது வயது இருக்கும். பிராசசரை டேபிள் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பார்த்தார். "முறியல தம்பி, சாஞ்சிருக்கு. வந்துரும்" என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. லீட் எடுத்துவிட்ட மெக்கானிக்கல் பென்சில் ஒன்றை எடுத்து, அதன் முனைக் குழாயைப் பின்னின் மேல் தொப்பி மாதிரி மெல்ல இறக்கி, ஒரு மயிரிழை நிமிர்த்துவது, எடுத்துப் பார்ப்பது, மறுபடி ஒரு மயிரிழை. வேகமாக நிமிர்த்தினால் அடியிலேயே ஒடிந்துவிடுமாம். இரண்டு பின்னுக்கு இருபது நிமிடம். பிறகு சாக்கெட்டில் வைத்தபோது விரலால் அழுத்தவேயில்லை, பிராசசர் தானாக உள்ளே இறங்கியது.

தன்னிடம் இருந்த பழைய ரைசன் 3 2200ஜி-யை முதலில் மாட்டி, போர்டை ஆன் செய்தார். டிஸ்ப்ளே வந்தது. பயாஸ் தேதி 2021 ஆரம்பம், நான் நினைத்ததேதான். ஃபேட்32-இல் ஃபார்மேட் செய்த பென்டிரைவிலிருந்து புது பயாஸை ஏற்றினார். நடுவில் கரன்ட் போனால் போர்டே செத்துவிடும் என்பதால் யுபிஎஸ் இருக்கிறதா என்று நான் கேட்க, "அது இல்லாம இந்த வேலையைத் தொடவே மாட்டேன்" என்றார். மறுபடி 5500-ஐப் போட்டதும் திரையில் அதன் பெயர் வந்தது பாருங்கள், அந்த ஒரு வரியைப் போட்டோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். எல்லாம் சேர்த்து 600 ரூபாய்தான் வாங்கினார்.

கூலரை நீங்களே கழற்ற நேர்ந்தால், பிசி ஓடுகிற நிலையில் இருந்தால் பத்துப் பதினைந்து நிமிடம் ஏதாவது கேம் ஓட்டிவிட்டு அணைத்து, பேஸ்ட் சூடாக இருக்கும்போதே இடமும் வலமும் திருகித் தூக்குங்கள். ஓடாத பிசி என்றால் இன்னும் பொறுமையாகத் திருக வேண்டும். வாங்கும்போதே கடையில் போர்டையும் பிராசசரையும் மாட்டி, டிஸ்ப்ளே காட்டச் சொல்லிக் கேளுங்கள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

அதன் பிறகு எல்லாம் சுலபம். ரேம் 2400 வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது, பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமை அதற்குரிய முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்) போட்டதும் 3200 வந்துவிட்டது. கணக்குப் பார்த்தால் பார்ட்ஸ் 47,300, சர்வீஸ் 600. கடைசியாக ஒன்று மாட்டிக்கொண்டது: எங்கள் பழைய மானிட்டரில் விஜிஏ மட்டும்தான், புதுக் கார்டில் எச்டிஎம்ஐயும் டிஸ்ப்ளே போர்ட்டும்தான். அசெம்பிள் செய்த இரவு ஹால் டிவியில் மாட்டிப் பார்த்ததால் இது உறைக்கவில்லை. 350 ரூபாய்க்கு ஒரு கன்வர்ட்டர் வாங்கிப் போட்டிருக்கிறேன். வேலரண்ட் 1080பி-யில் 200 ஃப்ரேமுக்கு மேல் போகிறது, மானிட்டர் காட்டுவது 60தான். தீபாவளிக்கு வேறு மானிட்டர் வாங்கலாம் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.