வங்கி மாறுவதா, வேண்டாமா: எங்கள் பாண்ட் கணக்கு

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் 2021இல் வீடு வாங்கினோம். இங்கே வீட்டுக் கடனை எல்லோரும் பாண்ட் என்றுதான் சொல்வோம். வங்கிகள் கடன் வட்டிக்கு அடிப்படையாக வைக்கும் பிரைம் வட்டி அப்போது 7 சதவீதம்; நாட்டின் ரிசர்வ் வங்கி வட்டியை மாற்றினால் அதுவும் கூடவே மாறும். கையில் முன்பணம் குறைவாக இருந்ததால் அதற்கு மேல் அரை சதவீதம் சேர்த்தார்கள். மாதத் தவணை 7,800 ரேண்டில் தொடங்கியது. அந்த நவம்பரிலேயே ரிசர்வ் வங்கி வட்டியை ஏற்ற ஆரம்பித்தது. 2023 மே மாதம் பிரைம் 11.75ஐத் தொட்டபோது எங்கள் தவணை 10,600 ஆகியிருந்தது. மளிகைச் சாமான் பட்டியலைக் கூடக் கிழித்து எழுதிய மாதங்கள் அவை.

2025 ஜூலைக் கடைசியில் பிரைம் 10.5க்கு இறங்கியது. சில நாட்களில் ஒரு கடன் தரகர் அழைத்தார். வேறொரு வங்கி 10 சதவீதத்துக்கு, அதாவது பிரைமுக்கு அரை சதவீதம் கீழே, தரும் என்றார். நாங்கள் கட்டிக்கொண்டிருந்தது 11. பாக்கி 9 லட்சம் ரேண்ட். தவணை 9,981இலிருந்து 8,685ஆகக் குறையும் என்று அவர் அனுப்பிய தாளில் இருந்தது. மாதம் 1,296 மிச்சம். அன்றே கையெழுத்துப் போட்டுவிடும் வேகத்தில் இருந்தேன்.

சாப்பாட்டு மேசையில் அந்தத் தாளை விரித்து வைத்திருந்தபோது மனைவியின் விரல் ஓர் எண்ணில் நின்றது: 240.

"ஏங்க, நமக்கு மீதி இருப்பது பதினாறு வருடம்தானே? இவர்கள் ஏன் இருபது வருடம் என்று போட்டிருக்கிறார்கள்?"

மிச்சத்தில் பாதிக்கு மேல் அங்கேதான் ஒளிந்திருந்தது. 9,981ஐ 192 மாதம் கட்டினால் மொத்தம் சுமார் 19.16 லட்சம். 8,685ஐ 240 மாதம் கட்டினால் 20.84 லட்சம். வட்டி குறைந்தும் 1.68 லட்சம் கூடுதலாகக் கட்டியிருப்போம்! அதே 10 சதவீதத்தை மீதமுள்ள 192 மாதத்துக்கே போட்டுப் பார்த்தோம். தவணை 9,413. உண்மையான மிச்சம் மாதம் 568தான்.

அடுத்தது செலவு. வங்கி மாறினால் பழைய பாண்டை ரத்து செய்து, புதியதை பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவகத்தில் பதிய வேண்டும். இரண்டுக்கும் தனித்தனி வழக்கறிஞர் கட்டணம். அதோடு புதிய வங்கியின் தொடக்கக் கட்டணம். எங்களுக்கு வந்த மதிப்பீடு மொத்தம் 38,000 ரேண்ட். பழைய வங்கிக்கு 90 நாள் முன்னறிவிப்பும் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அபராத வட்டி. 38,000ஐ 568ஆல் வகுத்தால் 67 மாதம். ஐந்தரை ஆண்டுக்குப் பிறகுதான் முதல் ரேண்ட் லாபம்.

பிரைம் இன்னும் இறங்கட்டும், பிறகு மாறலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். அது தவறான காத்திருப்பு என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். இரண்டு வங்கியின் வட்டியும் பிரைமோடு சேர்ந்தே ஏறும், இறங்கும். ஒப்பிட வேண்டியது பிரைமுக்கு எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்பதை மட்டும்தான்.

பிறகு எங்கள் வங்கியிடமே வட்டியைக் குறைக்கக் கேட்டேன். தொலைபேசியில் முடியாது என்றார்கள். புதிய வங்கியின் எழுத்துபூர்வச் சலுகையையும், நான்கு ஆண்டாக ஒரு தவணையும் தவறாத கணக்கு அறிக்கையையும் இணைத்து மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்று வாரத்தில் பதில் வந்தது: 10.25 சதவீதம். வழக்கறிஞர் இல்லை, பதிவு இல்லை. தவணை 9,554.

இனி வங்கி மாறினால் கூடுதலாகக் கிடைப்பது மாதம் 141 ரேண்ட். அதற்காக 38,000 செலவழித்தால் அதை மீட்கவே 270 மாதம் வேண்டும். எங்கள் கடனே 192 மாதம்தான். தரகரை அழைத்து நன்றி சொல்லி, வேண்டாம் என்றேன்.

தவணையைக் குறைக்க வேண்டாம், பழைய 9,981ஐயே பிடித்துக்கொள்ளுங்கள் என்று வங்கிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். வட்டி இப்படியே இருந்தால் 19 மாதம் முன்னதாகவே கடன் தீரும். மனைவி அந்த மாதத்தைக் கணக்கிட்டு, நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வட்டமிட்டு வைத்திருக்கிறாள்.