ஜூரா தீவும் கே.எல்.எஃப். இசைக்குழுவும்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையோரம் உள்ள ஜூரா தீவுக்குக் காருடன் செல்ல விரும்புவோர், கென்னக்ரெய்க் துறையிலிருந்து இரண்டு மணி நேரம் கப்பலில் சென்று ஐலா தீவில் இறங்கி, அங்கிருந்து சிறு படகில் ஐந்து நிமிடங்களில் நீரிணையைக் கடக்க வேண்டும். சுமார் 200 மனிதர்களும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட செம்மான்களும் வாழும் அத்தீவில் ஒரு வண்டி மட்டுமே செல்லும் அகலத்தில் ஒரே ஒரு சாலைதான். விஸ்கிக்காகவும் ஜார்ஜ் ஆர்வெல் தங்கி எழுதிய வீட்டுக்காகவும் பலர் வருகிறார்கள். என்னை அழைத்து வந்தது கே.எல்.எஃப். என்ற பிரிட்டிஷ் மின்னிசைக் குழு.

பில் டிரம்மண்டும் ஜிம்மி காட்டியும் 1987இல் தொடங்கிய அக்குழு 1992இல் முடிந்துபோனது. 1989இல் லண்டனின் ஹெவன் கேளிக்கை விடுதியில் நடந்த ‘லேண்ட் ஆஃப் ஆஸ்’ இரவுகளில், ஆடிக் களைத்தவர்கள் சாய்ந்து இளைப்பாறுவதற்கென ஒதுக்கிய அறையில் காட்டியும் இசைக்கலைஞர் அலெக்ஸ் பாட்டர்சனும் தாளத்தை அடக்கி, இயற்கை ஒலிகளையும் மிதக்கும் சுரங்களையும் கலந்து ஒலிக்கவிட்டனர். ஆம்பியன்ட் ஹவுஸ் என்ற இந்த அமைதியான மின்னிசை வகை அங்கேதான் உருப்பெற்றது.

1990 பிப்ரவரியில் வெளியான கே.எல்.எஃப்.பின் ‘சில் அவுட்’ இசைத்தட்டு அதன் முழு வடிவம். டெக்சாஸ் எல்லையிலிருந்து லூசியானாவுக்குச் செல்லும் கற்பனை இரவுப் பயணம், ரயில் ஓசை, ஆட்டின் கத்தல், ஸ்டீல் கிதார், எங்கிருந்தோ காற்றில் வரும் எல்விஸ் பிரெஸ்லியின் குரல் எல்லாம் 44 நிமிடங்களில் ஒன்றுக்குள் ஒன்று கரைகின்றன. லண்டன் ஸ்டாக்வெல்லில் காட்டி வாழ்ந்த வீட்டிலேயே, வெட்டி ஒட்டாமல், முடிவை நெருங்கும்போது பிழை நேர்ந்தாலும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கிப் பதிவு செய்ததாகக் காட்டி கூறியிருக்கிறார். படகுத்தளத்திலிருந்து கிரெய்க்ஹவுஸ் ஊர் வரை அதைக் கேட்டுக்கொண்டே காரோட்டினேன். வளைவுகளில் நின்ற ஆடுகள் வழிவிட மறுத்தபோது, எந்தக் கத்தல் இசைத்தட்டினுடையது என்று பிரித்தறிய இயலவில்லை.

அடுத்த ஆண்டே அவர்களுடைய ஆரவாரமான நடனப் பாடல் ஒன்று பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அந்த வெற்றியின் உச்சத்தில், 1991 கோடைக்காலக் கதிர்த்திருப்பத்தின்போது, பத்திரிகையாளர்களை இதே ஜூராவுக்கு அழைத்துவந்து மஞ்சள் அங்கி அணிவித்து, பிரம்பாலான பெரிய மனித உருவத்தை எரித்தார்கள். 1992 பிப்ரவரியில் பிரிட்டனின் பிரிட் இசை விருது மேடையில் கூட்டத்தை நோக்கி வெற்றுத் தோட்டாக்களைச் சுட்டுவிட்டு, மே மாதம் இசைத்தொழிலிலிருந்து விலகுவதாகவும், தங்கள் பதிவுகள் அனைத்தையும் விற்பனையிலிருந்து நீக்குவதாகவும் விளம்பரம் கொடுத்தார்கள்.

1994 ஆகஸ்ட் 23 அதிகாலையில், ஜூராவின் ஆர்ட்ஃபின் பண்ணையின் படகுக் கொட்டகையில் பத்து லட்சம் பவுண்டுகளை நோட்டுகளாகவே எரித்தார்கள். அப்பண்ணை இன்று தனியார் கோல்ஃப் மைதானம் என்பதால் சாலையிலிருந்தே பார்த்துத் திரும்பினேன். ஏமாற்றம் எதுவுமில்லை. இந்தக் குழுவைப் பற்றிப் பேசும் எவரும் அந்தத் தீயிலிருந்தே தொடங்குவது எனக்கு உடன்பாடில்லை. எரித்தது அவர்கள் பணம், அதைக் கலை என்றோ திமிர் என்றோ அவரவர் கொள்ளட்டும். பெரிய இழப்பு 1992இல் நேர்ந்தது: கடையில் கேட்டால் கிடைக்க வேண்டிய ஓர் இசைத்தட்டை, அதை உருவாக்கியவர்களே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கிடைக்கவிடாமல் செய்தார்கள். 2021இல் ‘சில் அவுட்’ இணையத்துக்கு வந்தபோதுகூட, வந்தது பிறர் பாடல்களிலிருந்து எடுத்த துணுக்குகள் சில நீக்கப்பட்டு, ‘கம் டவுன் டான்’ என்ற வேறு பெயர் தாங்கிய மாற்று வடிவமே. நான் ஜூராவில் கேட்டது பழைய பதிப்பை.