பங்குனியில் பனிமலை: காட்பாடியிலிருந்து சந்திரசிலா வரை ஒரு திட்டக் குறிப்பேடு

12 ஜனவரி 2025, ஞாயிறு

மலை நடை என்றால் வேலூர்ப் பக்கம் முதலில் வாயில் வருவது ஜவ்வாது, ஏலகிரி, பர்வதமலை. மார்கழி, தைக்கு அது சரி. பங்குனிக்கு அந்தப் பேச்சே வேண்டாம். ஜவ்வாது காடு பெரும்பாலும் இலையுதிர் காடு. மாசி முடிவதற்குள் தரையெல்லாம் சருகு, மூங்கில் காய்ந்து நிற்கும், பீமன் அருவியில் பாறைதான் மிஞ்சும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் பற்றிய காட்டுத்தீ மலையேறப் போன 23 பேரைக் கொண்டுபோனது. சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். ஏறி ஓடித் தப்ப நினைப்பவரை அது முந்திவிடும். இதை ஒருமுறை புரிந்துகொண்டவர்கள் கோடையில் சருகுக் காட்டுக்குள் கால் வைக்க மாட்டார்கள்.

அதனால் இந்த முறை உத்தராகண்ட், ருத்ரபிரயாக் மாவட்டம். ஊகிமட், சாரி, தேவரியாதால், சோப்தா, துங்கநாத் சிவன் கோயில், அதற்கு மேல் சந்திரசிலா சிகரம். நாலு பேர், ஏப்ரல் 5 முதல் 15 வரை. அங்கே புரான்ஸ் என்று சொல்லும் சிவப்புப் பூ மரம் மார்ச், ஏப்ரலில் பூக்கிறது. அட்சய திருதியை ஏப்ரல் 30. அதையொட்டி சார்தாம் எனும் நான்கு தல யாத்திரை தொடங்கிவிட்டால் ஜீப், அறை எல்லாவற்றுக்கும் கூட்டம், விலையும் ஏறும். ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: ஏப்ரல் முதல் பாதியில் துங்கநாத் நடை சாத்தியே இருக்கும், சுவாமி குளிர்காலத்துக்குக் கீழே மக்குமட் ஊரில் இருப்பார். தரிசனம்தான் முக்கியம் என்றால் மே மாதம் போங்கள்.

லீவு கணக்கு: ஏப்ரல் 10 மகாவீர் ஜெயந்தி, 14 தமிழ்ப் புத்தாண்டு. 7, 8, 9, 11, 15 என்று ஐந்து நாள் லீவு போட்டால் பதினோரு நாள் கிடைக்கிறது.

3 பிப்ரவரி, திங்கள்

காலை 8 மணிக்கு டிக்கெட். காட்பாடியில் நின்று புதுடெல்லி போகும் கேரளா எக்ஸ்பிரஸ், ஸ்லீப்பர். இதில் பலரும் தடுக்கி விழும் இடம் இரண்டு.

முதலாவது, வண்டி காட்பாடிக்கு நள்ளிரவு தாண்டி, விடிவதற்கு முன் வருகிறது. வெள்ளிக்கிழமை இரவு சாப்பிட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போகிறோம் என்றாலும் டிக்கெட்டில் இருக்க வேண்டிய தேதி சனிக்கிழமை. வெள்ளி என்று போட்டால் நீங்கள் போய் நிற்கும்போது உங்கள் வண்டி போய் ஒரு நாள் ஆகியிருக்கும்.

இரண்டாவது, முன்பதிவு 60 நாள் என்பது வண்டி புறப்படும் ஊரின் தேதியை வைத்து. திருவனந்தபுரத்தில் அது ஏப்ரல் 4 கிளம்புகிறது, எனவே 5-ம் தேதி காட்பாடியில் ஏறுகிறவருக்கும் இன்றே திறந்துவிடும். நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்தால் ஒரு நாள் பின்தங்கிப்போவோம். திரும்பும் வண்டி டெல்லியிலிருந்தே கிளம்புவதால் அதற்குச் சிக்கலில்லை: ஏப்ரல் 13 பயணத்துக்கு பிப்ரவரி 12, புதன்.

16 பிப்ரவரி, ஞாயிறு

நேற்று முதல் ஏப்ரல் 15 வரை தமிழ்நாட்டு வனப் பாதைகள் மூடல். பயிற்சியைக் காட்டுக்கு வெளியே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அதற்குச் சோளிங்கரை விடச் சிறந்த இடம் இந்த வட்டாரத்தில் இல்லை: பெரிய மலை, 1,305 படி. ரோப்கார் வந்துவிட்டது, இருந்தாலும் நமக்குப் படிதான். வாரம் ஒருமுறை, காலை ஐந்தரைக்கு ஆரம்பித்து வெயில் ஏறும் முன் கீழே வந்துவிட வேண்டும். கோயில் படி என்பதால் வெறுங்காலில் ஏறுவதே முறை. ஒன்பது மணிக்கு மேல் கல் சுடும். குரங்குகள் பையைப் பிடுங்கும், கையில் கவர் எதுவும் வேண்டாம்.

பையில் எடைக்குத் தண்ணீர் பாட்டில் வையுங்கள். முதல் வாரம் 3 லிட்டர், பிறகு 5, கடைசியில் 7. மேலே போனதும் செடிகளுக்கு ஊற்றிவிட்டு வெறும் பையோடு இறங்குங்கள். ஏறும்போது மூச்சுதான் வாங்கும், இறங்கும்போதுதான் மூட்டு அடி வாங்கும். தொடை பழகும் முன் சுமையோடு இறங்கிய முழங்கால் ஏப்ரல் வரை வலிக்கும்.

ஷூவைப் பழக்க ஓட்டேரி வழியாகப் பாலமதி ஏறும் தார்ச்சாலை. கிளம்பும் முன் ஐம்பது கிலோமீட்டராவது அந்த ஷூவிலேயே நடந்திருக்க வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் நல்ல ஷூ மலிவாகக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் ஏற்றுமதியில் கழித்து வருஷக்கணக்காகக் கிடங்கில் கிடந்த ஜோடியைத் தொடாதீர்கள். பியு (பாலியூரித்தேன்) வகை அடிப்பாகம் காற்றின் ஈரத்தைக் குடித்து உள்ளுக்குள்ளேயே சிதைகிறது. பார்வைக்குப் புதிதாக இருக்கும், இருபதாவது கிலோமீட்டரில் புட்டு மாதிரி உதிரும். கட்டைவிரல் நகத்தால் அடிப்பாகத்தின் ஓரத்தை அழுத்திப் பாருங்கள், பொடி வந்தால் வேண்டாம். கால் வீங்கியிருக்கும் சாயங்கால நேரத்தில், தடித்த சாக்ஸ் போட்டு அளவு பாருங்கள். இறக்கத்தில் கால் முன்னால் சறுக்கும், விரலுக்கு முன் அரை அங்குலம் இடம் வேண்டும்.

2 மார்ச், ஞாயிறு

துணி. வேலூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 216 மீட்டர், சந்திரசிலா சுமார் 4,000. ஆயிரம் மீட்டருக்கு 6.5 டிகிரி குறையும் என்று வைத்தால் கிட்டத்தட்ட 25 டிகிரி வித்தியாசம். இங்கே விடிகாலை 26 என்றால் அங்கே பூஜ்யத்தை ஒட்டி, காற்றடித்தால் இன்னும் மோசம்.

பருத்தி பனியன், ஜீன்ஸ் வீட்டிலேயே இருக்கட்டும். பருத்தி வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நின்று ஓய்வெடுக்கிற ஐந்து நிமிடத்தில் அந்த ஈரமே உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். விளையாட்டுக்கு விற்கும் பாலியஸ்டர் டீ ஷர்ட் இரண்டு, கம்பளி ஸ்வெட்டர் ஒன்று, அதன்மேல் காற்றும் தண்ணீரும் புகாத மழைக்கோட்டு. குல்லா, கையுறை, கம்பளி சாக்ஸ் மூன்று ஜோடி. ஆளுக்கொரு டார்ச். பை எட்டு கிலோவைத் தாண்டக் கூடாது, தண்ணீரும் சேர்த்துத்தான். பனியில் சறுக்காமலிருக்க ஷூவில் மாட்டும் முள்சங்கிலியை வாங்க வேண்டாம், அங்கே வாடகைக்கு எடுக்கலாம்.

15 மார்ச், சனி

பணம், ஒரு ஆளுக்கு ஒதுக்கியது: ரயில் போக வர 2,000. டெல்லி–ரிஷிகேஷ் பஸ் இரு வழி 1,200. மலைப் பஸ், ஜீப் 1,500. ஐந்து இரவு தங்க 2,000, அறையை நாலு பேர் பகிர்ந்து. சாப்பாடு 2,500. வழிகாட்டி, அனுமதிக் கட்டணத்தில் பங்கு 800. ஆக 10,000. இதைத் தவிர தொடாத பணம் 2,000, தனிக் கவரில். ரொக்கத்தை ரிஷிகேஷிலேயே எடுத்துவிட வேண்டும். சோப்தாவில் சிக்னலையும் யுபிஐ-யையும் நம்ப முடியாது.

சாப்பாட்டில் மிச்சம் பிடிக்கும் இடம் ரயில்தான். முதல் நாளுக்குப் புளிசாதம், அடுத்த நாளுக்குச் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும். நடைக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 100 கிராம் வறுத்த வேர்க்கடலை, கூட வெல்லம். நம்மூர்ச் சரக்கு, 550 கலோரிக்குக் குறையாது, குளிரிலும் கெடாது. அரிசி தூக்கிப் போய்ச் சமைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள்: சோப்தா இருக்கும் 2,700 மீட்டரில் தண்ணீர் 91 டிகிரியிலேயே கொதிப்பதால் குக்கர் இல்லாமல் சோறும் பருப்பும் லேசில் வேகாது.

23 மார்ச், ஞாயிறு

நாள்வாரித் திட்டம் முடிவானது.

6-ம் தேதி பிற்பகல் டெல்லி, இரவுப் பஸ்ஸில் ரிஷிகேஷ். மலைப்பாதையில் பஸ்கள் விடிகாலையில் கிளம்பும், தவறவிட்டால் ஒரு பகல் போச்சு. தேவபிரயாகை, ருத்ரபிரயாகை, மந்தாகினிக் கரையில் அகஸ்தியமுனி (நம் பொதிகை முனிவரின் பேரில்தான் அந்த ஊர்), பிறகு ஊகிமட், அங்கிருந்து ஜீப்பில் சாரி. 8-ம் தேதி சாரியிலிருந்து 2,438 மீட்டரில் உள்ள தேவரியாதால் ஏரிக்கு ஏறி, சௌகம்பா சிகரத்தின் நிழல் தண்ணீரில் விழுவதைப் பார்த்துவிட்டு, மறுபடி சாரியிலேயே தூக்கம். உயரத்துக்கு ஏறிவிட்டுத் தாழ இறங்கித் தூங்கினால் உடம்பு பழகும். ஏரியிலிருந்து காட்டு வழியாகச் சோப்தா போவது அழகான நடைதான். ஆனால் சுமார் 15 கிலோமீட்டர், கூடுதல் செலவு, முதல் முறை போகிறவர்களுக்கு நீளம். 9-ம் தேதி ஜீப்பில் சோப்தா.

10-ம் தேதி சிகரம். காலை நான்கு மணிக்குக் கிளம்பணும். துங்கநாத் 3,680 மீட்டர், சோப்தாவிலிருந்து மூன்றரைக் கிலோமீட்டர். சந்திரசிலா இன்னும் ஒன்றரை. தூரம் சோளிங்கரைப் போல எளிதாகத் தோன்றும், ஆனால் ஏற்றம் 1,300 மீட்டர். விடிகாலையில் பனி இறுகியிருக்கும், முள்சங்கிலி பிடிக்கும். பத்து மணிக்கு மேல் இளகி முழங்கால் வரை புதையும். மதியம் மேகம் கூடி ஆலங்கட்டி, இடி. அதனால் எங்கே இருந்தாலும் ஒன்பது மணிக்குத் திரும்பணும். தலைவலியோடு வாந்தியும் வந்தால் அது பித்தம் இல்லை, உயர நோய். ஒரு அடியும் மேலே போகாமல் இறங்கணும், அந்த ஆளைத் தனியாக அனுப்பக் கூடாது.

11-ம் தேதி சும்மா. அதை யாரும் வேறு ஊருக்கு ஒதுக்கக் கூடாது என்பதில் விட்டுக்கொடுப்பே இல்லை. 10-ம் தேதி வானம் மூடிக்கொண்டால் ஏறுவதற்கு அந்த நாள்தான் இருக்கிறது. அது கையில் இல்லாதவர்கள்தான் மோசமான வானிலையிலும் மேலே போகிறார்கள். 12 ரிஷிகேஷ், 13 டெல்லி, 15 காலை காட்பாடி.

3 ஏப்ரல், வியாழன்

பைகள் எடை போட்டாச்சு: 7.2, 7.8, 6.9, 8.6. கடைசிப் பையிலிருந்து ஜீன்ஸும் இரண்டாவது சோப்பும் வெளியே. போனும் பவர் பேங்கும் குளிரில் சீக்கிரம் இறங்கும், இரவில் போர்வைக்குள், நடையில் உள்சட்டைப் பையில். நாலு பேர் இரத்த வகை, வீட்டு எண், தங்குமிட எண் எழுதிய தாள் பிளாஸ்டிக் உறையில், ஆளுக்கு ஒன்று. நகம் வெட்ட வேண்டும், இறக்கத்தில் நீண்ட நகம் கறுத்துவிடும். புளிக்காய்ச்சல் நாளை மத்தியானம், ஆறவைத்துத்தான் சோற்றில் கலக்கணும். ஸ்டேஷனுக்கு ஆட்டோ நாளை இரவு ஒன்றரைக்குச் சொல்லியாச்சு.