ஆளி விதையோடு ஒரு குளிர்காலம்: நாக்பூர் நாட்குறிப்பு

2024 நவம்பர் 18

நாக்பூரில் குளிர் இறங்கத் தொடங்கியதும் அத்தையின் மலச்சிக்கலும் கூடிவிடுகிறது. தாகம் எடுக்காததால் தண்ணீர் குடிப்பது பாதியாகிறது, முழங்கால் வலியால் நடை குறைகிறது, 74 வயதுக் குடலுக்கு இந்த இரண்டே போதும். சென்ற வாரம் குடும்ப மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். குடலில் அடைப்போ வேறு கோளாறோ இல்லை என்று பார்த்து உறுதி செய்த பிறகு, மலமிளக்கி மாத்திரையைத் தினசரிப் பழக்கமாக்குவதற்கு முன் உணவில் நாரைக் கூட்டிப் பாருங்கள், ஆளி விதையையே முயலலாம் என்றார்.

இந்த ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. நாக்பூர் அமைந்திருக்கும் விதர்ப்பா வட்டாரம் முழுவதும் ஜவஸ் என்ற பெயரில் மளிகைக் கடைகளில் கிடைக்கிறது. நான் இத்வாரி சந்தையில் அரைக் கிலோ வாங்கி வந்தேன். பழுப்பாக, பளபளப்பாக, எள்ளைவிடச் சற்றுப் பெரியதாக இருக்கும் இந்த விதையின் 100 கிராமில் ஏறத்தாழ 42 கிராம் கொழுப்பும், 27 கிராம் நாரும், 18 கிராம் புரதமும் இருக்கின்றன. நாரில் ஒரு பகுதி மேல்தோலில் இருக்கும் வழுவழுப்பான பசை. தண்ணீரில் ஊறியதும் சப்ஜா விதையைப் போல அது உப்பி, மலத்தை மிருதுவாக்கிக் கனத்தையும் கூட்டுகிறது. வீட்டு வைத்தியமாகச் சொல்லப்படும் பலவற்றுக்கு இல்லாத ஓர் உறுதி இதற்கு இருக்கிறது: நாட்பட்ட மலச்சிக்கலுக்கு ஆளி விதையைப் பயன்படுத்தலாம் என்று ஐரோப்பிய மருந்து முகமையே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

நவம்பர் 20

நாங்கள் மராத்தியில் காகு என்று அழைக்கும் அடுத்த வீட்டு அம்மா, விதையைப் பக்குவப்படுத்துவதை அருகில் நின்று காட்டினார். கனமான இரும்பு வாணலியில், எண்ணெய் விடாமல், சிறு தீயில் விதையைப் போட்டுக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். சற்று நேரத்தில் கடுகு வெடிப்பதுபோல் படபடவென்று தெறிக்கத் தொடங்கும். அந்த ஓசை அடங்குவதற்குள் இறக்கிவிட வேண்டும், கருகினால் கசக்கும். ஆறிய பிறகு மிக்சியில் விட்டுவிட்டு அரைக்க வேண்டும். தொடர்ந்து ஓடவிட்டால் சூடேறி எண்ணெய் கசிந்து கட்டியாகிவிடும்.

அரைப்பது அவசியம். முழு விதையின் தோல் மிகக் கடினமானது. மெல்லாமல் விழுங்கினால் பசை மட்டும் தன் வேலையைச் செய்ய, உள்ளே இருக்கும் கொழுப்பும் மற்றவையும் அப்படியே வெளியேறிவிடும். வறுப்பதிலும் ஒரு நன்மை உண்டு. பச்சை விதையில் சயனைடை வெளிவிடக்கூடிய சேர்மங்கள் சிறிதளவு இருக்கின்றன, சூட்டில் அவை குறைகின்றன. பெரியவர்கள் நாளொன்றுக்கு ஓரிரு மேசைக்கரண்டி உண்பதில் இதனால் அஞ்ச வேண்டியதில்லை என்றாலும், கிண்ணம் கிண்ணமாகப் பச்சையாகத் தின்பது சரியல்ல.

ஒரு பங்கைப் பொடியாகவே டப்பாவில் அடைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தேன். இன்னொரு பங்கில் வறுத்த மிளகாய், பூண்டு, சீரகம், உப்பு சேர்த்துக் காகு உரலில் இடித்துக் கொடுத்தார். இங்கே இதை ஜவஸ் சட்னி என்கிறார்கள், பாக்கரி என்னும் சோள ரொட்டியோடு உண்கிறார்கள். நம் வீட்டில் இட்லிக்கு எள்ளுப்பொடி இருக்க வேண்டிய இடத்தில் இது இன்று அமர்ந்தது. மருந்தென்று சொல்லிக் கொடுத்தால் முகம் சுளிக்கும் அத்தை, இதை மறுபடியும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நவம்பர் 27

பலன் தெரிகிறது. முதல் இரண்டு நாட்கள் காலையில் ஒரு தேக்கரண்டிப் பொடியை மோரில் கலந்து கொடுத்தேன். வயிறு உப்பவில்லை என்று உறுதியான பின்னரே ஒரு மேசைக்கரண்டிக்கு, அதாவது ஏறத்தாழ 7 கிராமுக்கு, கூட்டினேன். இப்போது காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. இது பேதி மருந்துபோல் உடனே வேலை செய்வதில்லை. முதல் மாற்றத்துக்கே 12 முதல் 24 மணி நேரம் ஆகும், முழுப் பலனுக்கு இரண்டு மூன்று நாட்கள் ஆகும். அத்தைக்கு நான்காம் நாளிலிருந்து முக்கல் இல்லாமல் இருக்கிறது.

பொடியைவிட முக்கியம் தண்ணீர் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 10 கிராம் விதைக்குக் குறைந்தது 150 மில்லி நீராவது உடன் செல்ல வேண்டும். அது போதாவிட்டால், நீரை உறிஞ்சி உப்பும் அதே பசை குடலில் அடைப்பாக மாறிவிடக்கூடும். ஆகவே கரண்டியை நீட்டும் கையாலேயே வெந்நீர்க் குவளையையும் நீட்டுகிறேன், குவளை காலியாகும் வரை அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களும், குடல் அடைப்பு இருக்கிறதோ என்ற ஐயம் உள்ளவர்களும் இதைத் தொடவே கூடாது. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் உண்ண வேண்டாம். மற்ற மாத்திரைகள் உடலில் சேர்வதையும் அந்தப் பசை தாமதப்படுத்தலாம் என்பதால், அத்தையின் தைராய்டு மாத்திரை எழுந்தவுடன் வெறும் வயிற்றில், பொடி அதற்கு வெகு நேரம் கழித்து என்று பிரித்து வைத்திருக்கிறோம்.

டிசம்பர் 4

பொடி பலன் தருவதைப் பார்த்து, அத்தைக்கு எண்ணெயாகவே கொடுத்துவிட்டால் எளிதாக இருக்குமே என்று கணவர் ஒரு குப்பி ஆளி விதை எண்ணெய் வாங்கி வந்தார். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. செக்கில் ஆட்டும்போது நார் முழுவதும் பிண்ணாக்கோடு போய்விடுகிறது; தோலில் இருக்கும் லிக்னான்கள் என்னும் தாவரச் சேர்மங்களும் அங்கேயே தங்கிவிடுகின்றன. எண்ணெயில் எஞ்சுவது கொழுப்பு மட்டுமே, அதில் பாதிக்குச் சற்று மேல் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் என்னும் ஒமேகா 3. மலச்சிக்கலுக்கு நாம் நம்பியிருப்பது நாரை. எண்ணெயில் அது அறவே இல்லை.

ஆனால் மீன் உண்ணாத எங்கள் வீட்டில் எண்ணெய்க்கும் ஓர் இடம் உண்டு. அந்த ஒமேகா 3 பெண்களுக்கு நாளொன்றுக்கு 1.1 கிராமும் ஆண்களுக்கு 1.6 கிராமும் போதும் என்பது அமெரிக்க அளவுகோல். ஒரு தேக்கரண்டி எண்ணெயிலேயே 2 கிராமுக்கு மேல் கிடைத்துவிடுகிறது. ஒரு மேசைக்கரண்டிப் பொடியிலும் ஏறத்தாழ 1.6 கிராம் இருக்கிறது. அதனால் எண்ணெயைக் குடிக்கும் பழக்கத்துக்கு நான் எந்தத் தேவையையும் காணவில்லை. மீனெண்ணெய்க்கு இது ஈடு என்று சொல்வதும் சரியல்ல. மீனில் நேராகக் கிடைக்கும் நீண்ட ஒமேகா 3 வகைகளாக இதை மாற்றிக்கொள்ள நம் உடலால் மிகக் குறைந்த அளவே முடிகிறது.

தாளிக்கவும் வறுக்கவும் இந்த எண்ணெய் கூடாது. ஏறத்தாழ 107 டிகிரி செல்சியஸிலேயே புகையத் தொடங்கிவிடும். காகுவின் பிறந்த வீட்டில் மரச்செக்கு ஜவஸ் எண்ணெயைச் சட்னிப் பொடியின் நடுவே குழித்து ஊற்றிப் பச்சையாகவே உண்பார்களாம். நாமும் இட்லிப் பொடிக்கு அப்படித்தானே செய்கிறோம்; இனி வாரத்தில் சில நாட்கள் நல்லெண்ணெய்க்குப் பதிலாக இது.

டிசம்பர் 8, ஞாயிறு

மகன் தன் புது கிரிக்கெட் மட்டைக்குப் பூச லின்சீட் ஆயில் கேட்டான். அதுவும் ஆளி விதை எண்ணெய்தான் என்பதால், சமையலறைக் குப்பியும் மட்டைக்கான குப்பியும் ஒரே அலமாரியில் நின்றுவிடக் கூடாது என்று உடனே பிரித்து வைத்தேன். வன்பொருள் கடையில் மரச்சாமான் மெருகுக்காக விற்கப்படும் 'பாயில்டு' வகையில், விரைவில் உலர்வதற்காகக் கோபால்ட், மாங்கனீசு போன்ற உலோக உப்புகளைச் சேர்த்திருப்பார்கள். அது உள்ளுக்குச் செல்லவே கூடாது. 'உணவுக்கானது' என்று அச்சிட்டிருக்கும் குப்பியை மட்டுமே சமையலறையில் வைக்க வேண்டும்.

இந்த எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு கெட்டியான படலமாக உறைந்துவிடும் இயல்புடையது. 15ஆம் நூற்றாண்டில் யான் வான் ஐக் போன்ற ஓவியர்கள் வண்ணம் குழைக்க இதைப் பயன்படுத்தியதும், பின்னாளில் லினோலியம் என்னும் தரைவிரிப்பு இதிலிருந்து உருவானதும் அந்த இயல்பினால்தான். ஓவியருக்கு வரமாக இருந்த அதே இயல்பு சமையலறையில் கேடு: திறந்து வைத்த எண்ணெய் விரைவில் சிக்குப் பிடித்து, பெயின்ட் வாடை அடிக்கும். அந்த வாடை வந்தால் தயங்காமல் கொட்டிவிட வேண்டும். ஆகவே சிறிய, அடர்நிறக் குப்பியாக வாங்குகிறேன், குளிர்பதனப் பெட்டியிலேயே வைக்கிறேன், சில வாரங்களுக்குள் தீர்க்கிறேன். மட்டை துடைத்த துணியைக் கசக்கி மூலையில் எறியக் கூடாது என்று மகனுக்கும் சொன்னேன். எண்ணெய் உறையும்போது எழும் வெப்பத்தில் அப்படிப்பட்ட துணிக் குவியல்கள் தாமாகவே தீப்பற்றியதுண்டு.

டிசம்பர் 15

கணவருக்கு இரத்தக் கொதிப்பு மாத்திரை நடக்கிறது. கனடாவின் வினிபெக் நகரில் நடந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வை இன்று அவருக்குப் படித்துக் காட்டினேன். கால் தமனிகளில் அடைப்புள்ள 110 பேரில் ஒரு பகுதியினருக்கு ஆறு மாதம் தினமும் 30 கிராம் அரைத்த ஆளி விதையும் மற்றவர்களுக்கு விதையில்லாத அதே உணவும் கொடுத்ததில், விதை உண்டவர்களின் மேல் அழுத்தம் மற்றவர்களைவிட ஏறத்தாழ 10 புள்ளிகளும் கீழ் அழுத்தம் ஏறத்தாழ 7 புள்ளிகளும் குறைவாக இருந்தன. மதிக்கத்தக்க முடிவு இது. ஆனால் அந்த 30 கிராம் என்பது நான்கு மேசைக்கரண்டிக்கும் மேல். அவர்கள் எல்லோரும் மருத்துவக் கண்காணிப்பில் இருந்த நோயாளிகள். மாத்திரையை நிறுத்துவதற்கு இதைக் காரணமாக்கக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன்.

இரத்தக் கொழுப்பைப் பொறுத்தும் விதையும் எண்ணெயும் பிரிந்துதான் நிற்கின்றன. பல ஆய்வுகளைத் தொகுத்து 2009இல் வெளியான கட்டுரையொன்று, எண்ணெய் பிழியாத விதை கெட்ட கொழுப்பைச் சிறிதளவு குறைத்தது, எண்ணெய் குறைக்கவில்லை என்று காட்டியது.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்ணும் மாடி வீட்டுக்காரர் தானும் தொடங்கலாமா என்று கேட்டார். உங்கள் இதய மருத்துவரைக் கேட்ட பிறகே என்றேன். சர்க்கரைக்கு மருந்து உண்பவர்களுக்கும் நான் சொல்வது அதையேதான்.

டிசம்பர் 24

காகுவின் மணிக்கட்டில் கொதிக்கும் எண்ணெய் தெறித்துவிட்டது. சுண்ணாம்புத் தெளிநீரில் ஜவஸ் எண்ணெயை அடித்துப் பூசும்படி அவருடைய அக்கா தொலைபேசியில் சொன்னாராம். நம் ஊரிலும் தேங்காய் எண்ணெயை அப்படிக் கலந்து பூசுவார்கள். ஸ்காட்லாந்தின் கேரன் இரும்பாலையில் தொழிலாளரின் தீப்புண்ணுக்கு ஆளி விதை எண்ணெயும் சுண்ணாம்பு நீரும் கலந்து தடவியதால் அக்கலவைக்குக் கேரன் எண்ணெய் என்றே பெயர் இருந்தது. இத்தனை நாடுகளில் வழங்கிய வைத்தியம் என்றாலும் இன்று அதைச் செய்யக் கூடாது. தீப்புண்ணின் மேல் எண்ணெய் வெப்பத்தைத் தேக்கி வைக்கும். காகுவின் கையைக் குழாய் நீரின் கீழ் 20 நிமிடம் பிடித்திருந்து, பிறகு மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன்.

2025 ஜனவரி 5, ஞாயிறு

பண்டாரா பக்கம் ஒரு திருமணத்துக்குச் சென்ற வழியில் ஆளி வயல்களைக் காலையிலேயே பார்க்க வாய்த்தது. அங்கே நெல் அறுப்பதற்குச் சில நாட்கள் முன்பே, நிற்கும் பயிருக்கிடையில் விதையைத் தூவிவிடுகிறார்கள். நெல் அறுத்த பின், மண்ணில் எஞ்சிய ஈரத்திலேயே உழவும் பாசனமும் இல்லாமல் இது வளர்ந்துவிடுகிறது. நீலப் பூக்கள் காலையில் விரிந்து நண்பகலுக்குள் இதழ் உதிர்த்துவிடும். அறுவடை பிப்ரவரி, மார்ச்சில். இவ்வளவு குறைந்த நீரில், இவ்வளவு அருகில் விளையும் ஒன்றை, பளபளப்பான பொட்டலத்தில் பல மடங்கு விலைக்கு வாங்க வேண்டிய தேவையே இல்லை.

ஜனவரி 19

மாதவிடாய் நிற்கும் வயதில் வரும் உடல் கொதிப்புக்கு ஆளி விதை நல்லதாமே என்று தங்கை கேட்டாள். விதையின் லிக்னான்களைக் குடல் நுண்ணுயிரிகள் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மை ஹார்மோனை மெலிதாக ஒத்த பொருள்களாக மாற்றுவதால் எழுந்த நம்பிக்கை இது. 188 பெண்களிடம் ஆறு வாரம் நடத்திய ஓர் அமெரிக்க ஆய்வில், விதை சேர்த்த தின்பண்டமும் சேர்க்காததும் ஒரே அளவு பலனையே தந்தன. நான் எனக்காக அதை எதிர்பார்த்து உண்ணவில்லை, அவளையும் எதிர்பார்க்க வேண்டாம் என்றேன்.

ஜனவரி 27

தோழியின் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். கீமோ வேண்டாம், ஆளி விதை எண்ணெயைப் பாலாடைக்கட்டியோடு குழைத்து உண்டால் கட்டி கரையும் என்று யாரோ அனுப்பிய காணொளியைக் குடும்பமே உட்கார்ந்து பார்த்திருக்கிறது. 1950களில் ஜெர்மனியின் யோகன்னா பூட்விக் பரப்பிய முறை அது. புற்றுநோயை அது குணப்படுத்தும் என்று எந்த மருத்துவப் பரிசோதனையும் நிறுவவில்லை. நான் இந்த விதையை நம்புகிறேன், இந்தக் குளிர்காலம் முழுவதும் அத்தைக்கு அது செய்த நன்மையைக் கண்ணால் பார்க்கிறேன். அதனாலேயே, அதன் பெயரைச் சொல்லி ஒரு பெண்ணின் சிகிச்சையை நிறுத்தப் பார்ப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. நேற்று மாலை தோழியின் வீட்டுக்கே சென்று, அக்காவின் அருகில் அமர்ந்து இவ்வளவையும் சொன்னேன்.

இன்று அவர்கள் புற்றுநோய் மருத்துவரையே கேட்டுவிட்டார்கள். ஹார்மோன் சார்ந்த கட்டி என்பதால், சிகிச்சை முடிந்து தான் சொல்லும் வரை பொடியும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம் என்று அவர் கூறிவிட்டார். கீமோவினால் வரும் மலச்சிக்கலுக்கு வேறு மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். அடுத்த கீமோவுக்கு நானும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.